ரேடியோ செட்டுக்காரனின் காது

முதலில் என் மனைவிதான் வாயைத் திறந்து பேசுவதை நிறுத்தினாள். அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு குழம்புச் சட்டிக்குள் ஏதோ சொல்வாள். முன் அறையிலிருந்து நான் "என்ன?" என்பேன். மறுபடியும் சட்டியிடமே சொல்வாள். அடுத்தது என் மச்சினன். மனைவியின் தம்பி, என் கடையில்தான் வேலை பார்க்கிறான். பத்து வருடமாகக் கணீரென்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று வார்த்தைகளை மென்று விழுங்க ஆரம்பித்தான். பிறகு டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பேங்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்கள். ஒரு கட்டத்தில் திருச்சுழி தாலுகாவில் எவருக்கும் ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

போனிலும் அதே முணுமுணுப்பு. போன்தான் கெட்டுப்போயிற்று என்று புதிதாக ஒன்று வாங்கினேன். புதுசும் முணுமுணுத்தது. அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் விற்ற கடையில் சண்டை போட்டேன். கடைக்காரர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், இரண்டு பேரும் நன்றாகக் கேட்கிறது என்று தலையை ஆட்டினார்கள். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான் ரேடியோ செட்டுக்காரன். எங்கள் பக்கத்தில் மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். பந்தல், நாற்காலி, சீரியல் லைட்டு, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிறேன் என்றாலும் ஊரில் என்னைக் கூப்பிடுவது ரேடியோ செட்டு என்றுதான். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். இன்றைக்கு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்திருக்கிறேன். பொங்கல், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருடம் அந்தச் சத்தத்தின் மடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வயர் மிச்சமாகும் என்று ஆம்ப்ளிஃபயர் மேசையை எப்போதும் பாக்ஸுக்கு அடியிலேயே போட்டுக்கொள்வது என் வழக்கம். இவ்வளவு சொன்னதும் உங்களுக்குச் சங்கதி விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. விளங்கிவிடக் கூடாது என்று கெட்டியாக இருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா பரளச்சிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். காட்டுக்காரர் வரப்பில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், பருத்திச் செடிக்குள் குனிந்து கிடக்கும் அப்பா நிமிர்ந்து "இந்தா வாரேன்யா" என்று ஓட வேண்டும். இரண்டாவது சத்தம் போட வைத்துவிட்டால் "செவிட்டுப்பயலே, காதுல என்னத்த அடச்சு வச்சிருக்க?" என்று வரும். காது கேட்காதது எங்கள் வீட்டில் ஒரு உடம்புக் கோளாறு இல்லை. அது மரியாதை கெட்டதனம், வேலைக்கு ஆகாத தன்மை. அப்பா யாரிடமும் "என்ன சொன்னீக?" என்று திருப்பிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. விளங்காவிட்டாலும் "சரிய்யா" என்பார்.

இப்போது அதே காட்டுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் என் கடைக்கு வந்து, "அண்ணே" என்று கூப்பிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தேதி சொல்கிறார்கள். நானும் அவர்களுக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்களிடம் போய் "கேக்கலை, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நானும் "சரி சரி" என்றேன்.

கேட்காமலே பேச்சை ஓட்டுவது லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்க்க வேண்டும். அவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும், ஒரு நொடி பிந்தினால்கூடத் தெரிந்துபோகும். அவர் உதட்டைப் பிதுக்கினால் "அதைச் சொல்லுங்க" என்று நாமும் பிதுக்க வேண்டும். கேள்வி கேட்டிருப்பாரோ என்று சந்தேகம் வந்தால் இருமலாம், போனை எடுத்துப் பார்க்கலாம். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது மூட்டை சுமந்தவன் மாதிரி வருவேன். வந்தால் இங்கே சட்டிக்குள் பேச்சு.

என் கடைக்கு எதிரே உரக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் உண்டு. பழக்கமானவர். ஒருநாள் காலையில் வந்து வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "மகளுக்கு" என்பது கேட்டது. "நிச்சயம்" என்பது கேட்டது. முகம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் யூரியா மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவர், அவர் முகம் என்றைக்கும் அப்படித்தான்.

"ரொம்ப சந்தோசம்ணே!" என்றேன். "தேதி எப்போ? பந்தல், செட்டு எல்லாம் நம்மளதுதான். வேற எங்கயும் சொல்லிறாதீக."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இறங்கி ரோட்டைக் கடந்து போனார். உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்த மச்சினன் ஓடி வந்து என் காதுக்குப் பக்கத்தில் கத்தினான்.

"மகளுக்குப் பாத்த எடம், நிச்சயத்தோட நின்னு போச்சுங்கிறாரு மச்சான்! நீங்க சந்தோசம்ங்கிறீக!"

"அதை அவரு தெளிவாச் சொன்னா என்ன?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். "நல்லது கெட்டதைச் சொல்லும்போது வாயைத் திறந்து சொல்ல வேணாமா?"

அதிலிருந்து அந்த அண்ணன் என் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எனக்கும் அவர் மேல்தான் கோபம்.

வீட்டில் மனைவி ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டில் வரிசையில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு உண்டு.

"ஒரு நடை காது டாக்டர்ட்ட போயிட்டு வாங்க."

"எனக்கென்ன கேடு? நீ வாயத் தொறந்து பேசு."

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்!"

"ஏன் இப்படிக் கத்துற? தெருவே பாக்குது."

மெதுவாகப் பேசினால் முணுமுணுக்கிறாள் என்பேன், உரக்கப் பேசினால் கத்துகிறாள் என்பேன். இரண்டுக்கும் நடுவில் எந்தச் சுதியில்தான் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியை அடுப்புத் திண்டில் டொம்மென்று வைத்துவிட்டுப் போனாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

இந்த லட்சணத்தில்தான் நரிக்குடிக் காதுகுத்து வந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறவர் போன் செய்தார். மகளுக்குக் காதுகுத்து, பந்தலும் செட்டும் வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் விசேஷம், முதல் நாளே வந்து போட்டுவிட வேண்டும். அதுவரைக்கும் எப்படியோ பிடித்துவிட்டேன். எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவர் சொன்னது, "பந்தல் நரிக்குடிக்குண்ணே." என் காதில் விழுந்தது, "பந்தல்குடிக்குண்ணே."

நடுவில் இருந்த நரியை எது தூக்கிக்கொண்டு போயிற்றோ தெரியாது. நரிக்குடி எங்களுக்குக் கிழக்கே. பந்தல்குடி அருப்புக்கோட்டைக்குத் தெற்கே. நேர் எதிர்த் திசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பந்தல்குடியில எந்த இடம்?" என்றுகூட நான் கேட்டிருக்கலாம். அவர் அப்போதே திருத்தியிருப்பார். நான் "சரிண்ணே, சரிண்ணே, கோயில் பக்கம்தான?" என்றேன். எந்த ஊரில் கோயில் இல்லை? அவரும் ஆமாம் என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் குட்டியானை வண்டியில் கழி, தகரம், நாற்காலி, பாக்ஸ் எல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மச்சினன்தான் வண்டி ஓட்டினான்.

"பந்தல்குடியா? அங்கிட்டு நமக்கு யாரும் இல்லையே மச்சான்?"

"அதான் ஆளு போன்ல சொன்னாருல்ல, ஓட்டு மாப்ள."

பந்தல்குடியில் கோயில் இருந்தது. காதுகுத்து வீடு இல்லை. தெருத் தெருவாக விசாரித்தோம். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், போன மாதம் ஒரு காதுகுத்து நடந்தது, அதற்கா இப்போது வருகிறீர்கள் என்று கேட்டதாக மச்சினன் சொன்னான். சித்திரை வெயில். தகரத்தின் மேல் கை வைக்க முடியவில்லை. நான் அந்த மில்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ சொன்னார். "கோயில்ட்டதான் நிக்கிறோம், ஆளை அனுப்புங்க" என்றேன். அவர் திரும்பவும் ஏதோ சொன்னார். "அதான் கோயில்ட்ட நிக்கிறோம்ங்கிறேன்!" என்று கத்தினேன். அவரும் ஆளை அனுப்பிவிட்டார், நரிக்குடிக் கோயிலுக்கு. அங்கே போன ஆள் யாரையும் காணவில்லை என்று அவருக்குச் சொல்ல, அவர் எனக்குப் போன் போட, நான் மறுபடி கத்த, கடைசியில் மச்சினன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசினான். பேசி முடித்ததும் வண்டியைத் திருப்பினான்.

நரிக்குடி போய்ச் சேரும்போது பொழுது சாயும் நேரம். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து உட்கார இடமில்லாமல் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். மில்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"பந்தல் நரிக்குடிக்கு வேணும்னு எத்தன தடவ சொன்னேன்ணே?"

"நீங்க பந்தல்குடின்னுதான் சொன்னீக," என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். "சொன்னதைச் சொல்லலைன்னா எப்படி?"

"நான் எதுக்குய்யா பந்தல்குடின்னு சொல்லப் போறேன்? நான் அந்த ஊரையே பாத்தது கெடையாது!"

நான் விடவில்லை. போனில் ஒழுங்காகப் பேசத் தெரியாதவர்களால் என் பிழைப்பே நாசமாகிறது என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்தேன். மைக் இல்லாமலே செய்தேன். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு கழி ஊன்றக் குழி தோண்டினான்.

மறுநாள் காலை. பந்தல் நிறையக் கூட்டம். தாய்மாமன் மடியில் குழந்தை, புதுச் சட்டை, மொட்டைத் தலையில் சந்தனம். எதிரே காது குத்துகிற பத்தர் கம்மலை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மில்காரர் மைக்கை வாங்கி, வந்தவர்களை வாங்க என்று சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் சத்தம் குறைவாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகி ஏற்றிவிட்டேன்.

பந்தலில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னமோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேனோ என்னவோ, அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டே, குத்த வேண்டிய இரண்டு காதையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டது. தாய்மாமன் கையை எடுத்துவிடப் பார்க்கிறார், அது விடமாட்டேன் என்கிறது. பத்தர் என்னைப் பார்த்து வாயை அசைக்கிறார். நான் அவருக்கும் ஒரு சிரிப்புக் கொடுத்தேன். மச்சினன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்து குமிழைத் திருகினான். எல்லார் கையும் ஒரே நேரத்தில் இறங்கியது.

அந்தக் கைகள் இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேருக்கும் கேட்ட ஒரு சத்தம், எனக்கு இரண்டடி தள்ளி, என் பாக்ஸிலிருந்தே வந்திருக்கிறது. போன் கோளாறு என்று சொல்ல வழியில்லை. முணுமுணுத்தார்கள் என்று சொல்ல, அது எவருடைய பேச்சும் இல்லை.

"என்னடா?" என்றேன்.

"மைக்கு கீச்சுனு கத்துது மச்சான்." என் முகத்துக்கு நேரே நின்று சொன்னான்.

"இதே மாதிரி வேற எங்கயும் கத்திருக்கா?"

"போற எடமெல்லாம்தான். நாந்தான் பின்னாலயே வந்து கொறச்சு வைக்கிறேன்."

"ஏலே, அதைச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் மச்சான். உங்களுக்குத்தான் கேக்கலையே."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவனை மேசையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்தேன். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. வரிசையாக ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். போன் கடைக்காரர், உரக்கடை அண்ணன், மில்காரர், மனைவி, மச்சினன். ஒருவர் மேலும் கோபம் நிற்கவில்லை. இத்தனை நாள் கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்த கோபம், கடைசியில் கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

சாப்பாட்டு வேளையில் மில்காரர் இலை போட்டாயிற்று என்று சைகை காட்டிக் கூப்பிட வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, நீங்க நரிக்குடின்னுதான் சொல்லியிருப்பீக. எனக்குத்தான் காது கேக்கலை."

அவர் ஏதோ சொன்னார். வழக்கம்போல "சரிண்ணே" என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "என்ன சொன்னீக? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அப்படிக் கேட்டது வாழ்க்கையில் முதல் தடவை. அவர் பக்கத்தில் வந்து, நிதானமாகத் திருப்பிச் சொன்னார்.

"மைக்கை மட்டும் அந்தத் தம்பியவே பாத்துக்கிறச் சொல்லுங்கன்னேன்."

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் சொன்னேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "எனக்குக் காது கேக்கலை."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி நின்று பேசினாள். "எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். உங்களுக்கு எப்பத் தெரியும்னுதான் இருந்தேன். கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தவன் நான். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் மதுரைக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, காது அளவு எடுக்கிற அறைக்கு அனுப்பினார். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் மணப்பெண் அறை இருக்குமே, அவ்வளவு சின்ன அறை. உள்ளே என்னை உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் என் மனைவி.

காது கேட்கவில்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தவன்தான். ஆனால் பரீட்சை என்று வந்ததும் எனக்கு ஃபெயிலாகப் பிடிக்கவில்லை. மனைவி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இரண்டு மூன்று சத்தம் நன்றாகக் கேட்டது. அழுத்தினேன். அவை எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்று மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டேன். அப்புறம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தத் தாளத்துக்கு அழுத்திக்கொண்டே போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயா, இப்ப நான் சத்தமே போடலையே."

கண்ணாடிக்கு வெளியே என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, மெல்லிசா என்னமோ கேட்டுச்சு," என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு இது புதிதில்லை போல. கோபப்படவில்லை, கொஞ்சம் அலுத்துக்கொண்டாள். "நீங்க கேக்குதுன்னு அழுத்துற எடத்துல எல்லாம் காதுல மாட்டுற மிஷின் உங்களுக்கு உதவி பண்ணாதுய்யா. கேக்கலைன்னு நீங்க விட்டாத்தான் அந்த எடத்துல நான் கூட்டி வைக்க முடியும். இப்படியே அளவெடுத்தா, உங்களுக்கு மிஷினே வேணாம்னுதான் எழுதணும்."

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை கண்ணாடி வழியாக அவள் விரல் அசைவதைப் பார்த்தேன். விரல் அசைகிறது என்றால் சத்தம் வருகிறது என்று அர்த்தம். எனக்கு வரவில்லை. பொத்தானின் மேல் கட்டைவிரல் துடித்தது. அழுத்தவில்லை. மறுபடி விரல் அசைந்தது. வரவில்லை. அழுத்தவில்லை. என் காட்டில் எவ்வளவு இடம் தரிசு என்று அளந்து காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. இவ்வளவு கேட்கவில்லையா, இவ்வளவா என்று நானே பதறினேன். கொஞ்ச நேரத்தில் அவள் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டால் அழுத்தினேன், கேட்காவிட்டால் விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

மிஷின் போட்டுக்கொண்டதும் சொர்க்கம் திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாள் பஸ்ஸில் திரும்பும்போது ஒரு அம்மா பாலித்தீன் பையைப் பிரித்தார். காதுக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது. என் செருப்புச் சத்தமே என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. சோறு மெல்லுகிற சத்தம் சகிக்கவில்லை. எல்லாம் கேட்டது, ஆனால் எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரிக்க மூளைக்குத் தெரியவில்லை. நான்கு பேர் சேர்ந்து பேசினால் பழைய கதைதான். வெயிலில் காதுக்குப் பின்னால் வேர்த்து ஊற்றும். இரண்டு தடவை கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். இரண்டு தடவையும் வாடிக்கையாளர் யாராவது வந்து ஏதாவது சொல்ல, வாயைப் பார்த்துச் சிரிக்கிற பழைய வேலை ஆரம்பமாகும். அதற்கு இந்த இரைச்சலே தேவலை என்று எடுத்து மாட்டிக்கொள்வேன்.

வீட்டில் இன்னொரு தொல்லை. இத்தனை நாளாக எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் என் மனைவி என்னைப் பற்றி வாய்விட்டுப் பேசப் பழகியிருந்தாள். நான் முன் அறையில் உட்கார்ந்திருக்க, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒரு டம்ளரைக் கழுவி வைக்கக் கையி வலிக்குது, பெரிய கலெக்டரு" என்றாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"கலெக்டருன்னு கேட்டுச்சே."

குழாயை நிறுத்தினாள். "அந்த மிஷினைக் கழத்தி வச்சிட்டு உக்காருங்க, வீட்டுக்குள்ள எதுக்கு?" என்றாள். நான் கழற்றவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

கடையில் முதல் வேலையாக ஆம்ப்ளிஃபயரை மச்சினனிடம் ஒப்படைத்தேன். முப்பது வருடம் என் கையில் இருந்த குமிழ். லைட்டும் பந்தலும் எனக்கு, சத்தம் அவனுக்கு. மேசையைப் பாக்ஸிலிருந்து தள்ளிப் போடச் சொன்னேன். வயர் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளாமல் பாக்ஸ் பக்கம் போகக் கூடாது என்றேன். முதல் நாள் அதை மூக்கில் வைத்து விளையாடினார்கள். கத்தித்தான் வைக்க வைத்தேன்.

வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்குக் காது மந்தம். எதிர்ல நின்னு பேசுங்க. ஊர்ப் பேரை வாட்ஸப்புல போட்டுவிடுங்க." சொன்ன நிமிடத்திலிருந்து பாதிப் பேர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மச்சினனிடம் பேசுகிறார்கள். மீதிப் பேர் நான் வெளிநாட்டுக்காரன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கத்துகிறார்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறவர்களுக்குக் கணக்கில்லை. அத்தனை பேரின் எண்ணெயையும் ஊற்றியிருந்தால் இந்நேரம் காதுக்குள் வடையே சுட்டிருக்கலாம்.

உரக்கடை அண்ணனிடம் போக எனக்கு மனம் வர ஒரு மாதம் ஆயிற்று. மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ரோட்டைக் கடந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதுல எனக்கு நிச்சயம்ங்கிறது மட்டும்தான் கேட்டுச்சு. நின்னுபோச்சுன்னது கேக்கலை." தலையைத் திருப்பிக் காதில் இருந்த மிஷினைக் காட்டினேன்.

பேப்பர் இறங்கியது. எழுந்து மேசையைச் சுற்றி என் எதிரே வந்து நின்றார்.

"நீங்க குத்திக் காட்டுறீகன்னு நெனச்சேன்யா. வீட்டுலயும் சொல்லி வருத்தப்பட்டேன்."

"எனக்குக் கேக்கலைண்ணே."

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதுண்ணே."

அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்தார். யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மகள் இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறாளாம், கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாளாம், அதில் அவருக்கு எரிச்சல். இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். இரண்டு தடவையும் சொன்னார்.

போன மாதம் குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு ஊரில் அம்மன் பொங்கலுக்குச் செட்டு போட்டோம். மத்தியானம் பாக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். ஊர்ப் பக்கமாகப் பாக்ஸைத் திருப்பி வைக்கச் சொன்னார், சத்தம் அடுத்த ஊர்வரை போக வேண்டும் என்றார். எதிரே பத்தடியில் ஓட்டு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கைப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காட்டைப் பாத்து வச்சுக்குவோம்ணே. சத்தமும் கொறச்சுத்தான் வைப்போம்."

"துட்டு குடுக்கிறது நாங்க. சொன்னபடி வைங்க."

"அப்ப வேற செட்டைச் சொல்லிக்கிருங்கண்ணே. நாங்க ஏத்திக்கிட்டுப் போறோம்."

மச்சினன் என்னைப் பார்த்தான். கடைசி நேரத்தில் வேறு செட்டு கிடைக்காது என்று கமிட்டிக்காரருக்கும் தெரியும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் தணிந்த குரலில், "செவிட்டு ஆளுக்குச் செட்டைச் சொல்லிட்டு வந்தீகளே, அவனுக்கென்ன தெரியும் சத்தத்தைப் பத்தி?" என்றார்.

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"செவிடுதாண்ணே," என்றேன். "அந்தச் சத்தத்துலதான் ஆனேன். இப்படி வாங்க, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. பாரமா இருக்கும்."

அவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். நான் குனிந்து பாக்ஸின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றேன். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். காட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தோம்.